ஆங்கிலத்தின் 'தி' (the) எங்கே வரும், எங்கே வராது: வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருப்பவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த முதல் ஆண்டில், பனியில் வழுக்கி விழுந்த அறைத்தோழரை எக்ஸ்ரே எடுக்க அழைத்துச் சென்ற நான், மேலாளருக்கு 'ஐ ஆம் இன் ஹாஸ்பிடல்' என்று குறுஞ்செய்தி அனுப்பினேன். அவர் பதறிப்போய் உடனே கூப்பிட்டு, எந்த வார்டு என்று கேட்டார். நோயாளியைப் போலவே துணைக்கு வந்தவரும் வேலைக்கு வந்தவரும் 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்' என்றே சொல்லும் வேலூரில் வளர்ந்த எனக்கு, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'இன் ஹாஸ்பிடல்' என்றால் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறேன் என்று பொருள் என்பது அன்றுதான் தெரிந்தது. துணைக்குப் போனவன் 'அட் தி ஹாஸ்பிடல்' என்றிருக்க வேண்டும்.

ஓர் இடம் எதற்காக இருக்கிறதோ அதற்காகவே ஒருவர் அங்கே போனால் 'தி' வராது. வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்குப் போனால் வரும். பிள்ளை போவது 'டு ஸ்கூல்'. ஆசிரியரைப் பார்க்க நாம் போவது 'டு தி ஸ்கூல்'. தொரப்பாடி மத்தியச் சிறையில் வேலை பார்க்கும் மாமாவை 'இன் பிரிசன்' என்று அறிமுகப்படுத்தினால் குடும்ப மானம் போய்விடும். அமெரிக்காவுக்குப் போனவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்: அங்கே நோயாளியும் 'இன் தி ஹாஸ்பிடல்' தான்.

தமிழில் 'தி' இல்லை, ஆகவே நமக்கு இது வராது என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல் இல்லையே தவிர, அந்த வேலையை நாம் இரண்டாம் வேற்றுமையிடம் கொடுத்திருக்கிறோம். 'வீடு பார்த்தோம்' என்றால் ஏதோ ஒரு வீடு, அல்லது பல வீடுகள். 'வீட்டைப் பார்த்தோம்' என்றால் நீங்களும் நானும் முன்பே பேசிய வீடு. முன்னதற்கு 'எ ஹவுஸ்', பின்னதற்கு 'தி ஹவுஸ்'. ஆங்கிலத்தில் எழுதும் முன் வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லி, அந்த 'ஐ' தானாக வந்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். மனிதர்களைக் குறிக்கும் சொற்களில் இந்தச் சோதனை செல்லாது, ஏனெனில் 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் எந்த டாக்டராக இருந்தாலும் 'ஐ' வந்தே தீரும். எழுவாயாக வரும் சொல்லிலும் செல்லாது. அங்கெல்லாம், கேட்பவர் 'எந்த?' என்று திருப்பிக் கேட்பாரா என்று யோசியுங்கள். கேட்க மாட்டார் என்றால் 'தி' போடலாம்.

பொதுவாகப் பேசும்போது 'தி' வேண்டாம். 'ஐ லைக் பிரியாணி' என்றால் பிரியாணி என்ற உணவே பிடிக்கும். 'ஐ லைக்ட் தி பிரியாணி' என்றால் நேற்று நீங்கள் போட்ட பிரியாணி பிடித்திருந்தது. விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் இரண்டாவதைச் சொல்வதுதான் மரியாதை. 'பை பஸ்', 'அட் ஹோம்', 'ஆஃப்டர் லஞ்ச்' போன்றவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். காரணம் தேடினால் நேரம்தான் வீணாகும்.

வேலை விண்ணப்பத்தில் அதிகம் தடுமாறுவது பெயர்களில்தான். 'திருவள்ளுவர் யுனிவர்சிட்டி' என்பதற்கு முன்னால் எதுவும் வேண்டாம். நடுவில் 'ஆஃப்' வந்தால், 'தி யுனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்' என்பதைப் போல, வாக்கியத்துக்குள் 'தி' சேரும். நாடுகளில் 'இந்தியா', 'கனடா' தனியாக நிற்கும். 'யுனைடெட் கிங்டம்', 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', 'நெதர்லாந்ஸ்' ஆகியவை 'தி' கேட்கும். ஆறுகளுக்கும் உண்டு, ஆகவே தண்ணீர் ஓடாத நாளிலும் நம் பாலாறு 'தி பாலார்' தான்.

உச்சரிப்பில் ஒரு சிறு செய்தி: உயிரொலிக்கு முன் 'தி', மெய்யொலிக்கு முன் ஏறக்குறைய 'த'. எழுத்தை அல்ல, ஒலியைப் பாருங்கள். 'த யுனிவர்சிட்டி' (university), 'தி அவர்' (hour). பேச்சில் 'தி' விட்டுப்போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு உரிமையாளருக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பும் கடிதங்களை மட்டும், அனுப்புவதற்கு முன், இதற்காகவே தனியாக ஒரு முறை படித்துவிடுங்கள்.