நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில் விருந்தினராக ஆடிய அனுபவம்

நுவரெலியா கோல்ஃப் கிளப்பில் ஆடுவதற்கு உறுப்பினர் எவருடைய பரிந்துரையாவது தேவையா என்று பலர் கேட்கிறார்கள். தேவையில்லை. 1889இல் ஸ்கொட்லாந்துக்காரர்கள் தொடங்கிய பழைய கிளப்பாக இருந்தாலும், வெளியூரிலிருந்து வருபவர்களைத் தற்காலிக உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டு ஆட விடுகிறார்கள். பதினெட்டுக் குழிகளும் இவ்வளவு அழகும் உள்ள ஒரு மைதானத்துக்கு வேறு நாடுகளில் கேட்கும் தொகையை நினைத்தால் இங்குள்ள கட்டணம் நியாயமானதாகவே எனக்குப் பட்டது. ஆனால் மைதானக் கட்டணம், மட்டைப் பையைச் சுமந்து ஆலோசனையும் சொல்லும் உதவியாளரான கேடிக்குரிய கூலி, மட்டைகளின் வாடகை ஆகியவை தனித்தனியாகச் சேர்வதால், மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. கொலர் வைத்த சட்டை அணிந்து செல்லுங்கள். உடை விடயத்தில் கிளப் இன்னும் பழைய வழக்கத்தையே பின்பற்றுகிறது.

மைதானம் நகரின் நடுவில், ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைந்த இடமாதலால், கொழும்பில் அடிக்கும் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் பறக்கும். இதைக் கேட்டதும் பலமாக அடிப்பவர்களுக்கு உற்சாகம் வருவது இயல்புதான் என்றாலும், ஃபேர்வேக்கள், அதாவது குழியை நோக்கிப் பந்தை அடித்துச் செல்லும் புல்வெளிப் பாதைகள், ஒடுங்கியவையாகவும் இரு பக்கமும் நெடுமரங்கள் அடர்ந்தவையாகவும், இடையிடையே ஓடைகள் குறுக்கிடுபவையாகவும் இருப்பதால், அந்தக் கூடுதல் தூரம் பெரும்பாலும் பந்தைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே பயன்படுகிறது. என்னுடன் வந்த நண்பர் நீண்ட தூரம் அடிப்பதில் பெயர் பெற்றவர். முதற்பாதி முடிவதற்குள் அவருடைய பையிலிருந்த பந்துகள் கணிசமாகக் குறைந்துவிட்டன.

எங்களுக்கு அமைந்த கேடி தேயிலைத் தோட்டக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த நடுவயதுக்காரர். "சேர், இங்க டிரைவர் வேணாம், அயர்னை எடுங்க. அந்த ஓடைக்கு இந்தப் பக்கமே பந்து நிக்கட்டும்" என்று ஒவ்வொரு குழியிலும் பொறுமையாகச் சொன்னார். டிரைவர் என்பது நெடுந்தூரம் அடிக்கும் மட்டை, அயர்ன் அதைவிடக் குறைந்த தூரத்துக்கானது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், அவர் சொன்ன சரிவு எங்கள் கண்ணுக்குத் தெரிந்த சரிவுக்கு நேர் எதிராக இருந்தபோதும், பந்து அவர் சொன்ன பக்கமே திரும்பியது. சுற்றிலும் மலை இருக்கும் இடத்தில் கண் ஏமாறும். அங்கேயே ஆண்டுக்கணக்காக நடப்பவர் ஏமாறுவதில்லை. ஆகவே கேடியின் கூலியைக் கூடுதல் செலவாக எண்ண வேண்டாம். அன்பளிப்புக்குச் சில்லறை நோட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் மழை குறைவு. அதிகாலைக் குளிர் கடுமையாக இருக்கும், விரல்கள் விறைத்துப்போகும். வெயில் சற்று ஏறியபின் தொடங்கினால், மூடுபனி இறங்கும் பிற்பகலுக்கு முன்பாகவே ஆட்டத்தை முடித்துவிடலாம். வானம் தெளிவாக இருந்தால், 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையும் தெரியும்.

மேலே எழுதியதோடு ஒரு சிறு சேர்க்கை. ஏப்ரல் மாதம் மட்டும் வேண்டாம். புத்தாண்டு விடுமுறை, குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும் அந்தப் பருவத்தில் நாங்கள் போனோம். தங்கும் அறையின் வாடகையே கோல்ஃப் கட்டணத்தை விழுங்கிவிட்டது. முன்னால் ஆடியவர்களுக்காக ஒவ்வொரு குழியிலும் காத்து நிற்கவும் வேண்டியிருந்தது. ரயிலில் வருபவர்கள் நானுஓயாவில் இறங்கி முச்சக்கர வண்டி பிடிக்கலாம். மட்டைப் பையைச் சுமந்து வருவதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது எளிது.