வாக்த்ரூவைத் திறக்கிறதுக்கு முன்னாடி

நிலா: மாமா, மிஸ்ட்ங்கிற புதிர் கேம்ல செலனிட்டிக் உலகம். அந்தச் சுரங்க ரயில் சந்திப்புல நிக்கும்போது ஒரு சத்தம் வருது. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில முட்டுச்சந்துதான். ஹிண்ட் மட்டும் போதும், விடை வேண்டாம்.

அருண்: வாக்த்ரூ பாரு, எல்லா விடையும் வரிசையா எழுதி வெச்சிருப்பாங்க. 5 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

செல்வம் மாமா: அருண், கொஞ்சம் பொறு பா. விடை வேண்டாம்னுதானே கேக்குறா.
நிலா, சத்தம் எல்லாம் ஒண்ணு இல்ல. எத்தனை வகைன்னு எண்ணு.

நிலா: நாலு. சில இடத்துல ரெண்டு சத்தம் சேர்ந்து வருது.

செல்வம் மாமா: அந்த "சேர்ந்து வருது"ங்கிறதுதான் சாவி. இப்போ வண்டிக்குள்ள எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறோம்னு காட்டுறது இருக்கே, அதைப் பாரு.

நிலா: திசை!! நாலு சத்தம் நாலு திசை. ரெண்டு சேர்ந்தா வடமேற்கு மாதிரி மூலை. ஆனா எது எந்தத் திசைன்னு எப்படித் தெரியும்?

யாழினி அக்கா: மெக்கானிக்கல் உலகத்துக்குப் போயிட்டு வந்துட்டியா?

நிலா: இல்லக்கா, இன்னும் போகல.

யாழினி அக்கா: பாடம் அங்கதான் இருக்கு. அங்க ஒரு கோட்டையைத் திருப்பித் திருப்பி நிறுத்தணும். ஒவ்வொரு திசையில நிக்கும்போதும் தனிச் சத்தம், இந்த ரயில்ல வர்ற அதே நாலு. ஆனா நாலு உலகத்துக்கும் எந்த வரிசையில வேணும்னாலும் போக கேம் விட்டுடுது. பாடம் படிக்காமலே பரீட்சை ஹாலுக்கு வந்தாச்சு. திரும்பிப் போற புத்தகமும் ரயில் பாதை முடியிற இடத்துலதான் இருக்கு.

அருண்: அப்போ முன்னாடி சேமிச்சு வெச்ச சேவ் இல்லேன்னா அவ்வளவுதானா?

செல்வம் மாமா: இல்ல, உள்ளேயே கண்டுபிடிக்கலாம். காகிதத்துல நாலு கட்டம் போடு நிலா, சத்தத்துக்கு ஒண்ணு. ஒரு சத்தம் கேட்ட சந்திப்புல எந்தெந்தத் திசைக்கு வழி திறந்திருக்குன்னு அந்தக் கட்டத்துல எழுது. அதே சத்தம் இன்னொரு சந்திப்புல வரும்போது அங்கயும் எழுது. ரெண்டு பட்டியல்லயும் இருக்கிற திசையை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அடி. முதல்ல ஒத்தைச் சத்தங்களை மட்டும் பாரு, சேர்ந்து வர்றதை அப்புறம் பார்த்துக்கலாம். பழைய சேவ் இருந்தா மெக்கானிக்கல் போயிட்டு வர்றது இன்னும் சுலபம்.

நிலா: சேவ் இருக்கு. ஆனா முதல்ல கட்டம் போட்டுப் பாக்குறேன் மாமா 🙏

அருண்: சரி, ஒரு கேள்வி. இது நல்ல புதிரா, மோசமான புதிரா?

யாழினி அக்கா: புதிர் நல்லது, வெச்ச இடம் சரியில்ல. ஒரு உலகத்துல காதால கத்துக்கிட்டதை இன்னொரு உலகத்துல பயன்படுத்தணும்ங்கிற யோசனை அபாரம். 1993ல ராண்ட் மில்லர், ராபின் மில்லர்னு அண்ணன் தம்பி சேர்ந்து இதைச் செஞ்சாங்க. ஆனா பாடம் முன்னாடி வரும்னு அவங்க உறுதி பண்ணல. இன்னொண்ணு, காது சரியாக் கேக்காதவங்களுக்கு இந்தப் புதிர் மூடின கதவு. 2016ல வந்த தி விட்னெஸ் கேம்லயும் இதே குறை. காட்டுப் பகுதியில பறவைச் சத்தத்தை வெச்சுப் பலகையில கோடு போடணும், நிறக்குருடு உள்ளவங்களுக்கு வேற சில பலகைகள் கஷ்டம்.

செல்வம் மாமா: அதே மிஸ்ட்ல ஜெனரேட்டர் புதிர் பாரு, அதுதான் நியாயமான புதிர். 10 பொத்தான், ஒவ்வொண்ணும் ஒரு அளவு வோல்ட் கூட்டும். சரியா 59 வரணும். ஒவ்வொரு பொத்தானையா அமுக்கி எவ்வளவு ஏறுதுன்னு குறிச்சுக்கிட்டா மிச்சம் வெறும் கூட்டல். 59 தாண்டினா கரண்ட்டைத் துண்டிக்கிற பிரேக்கர் விழுந்திடும், வெளியே ஏணி ஏறிப் போய் மறுபடி போடணும். அந்த நடை எரிச்சல்தான். ஆனா ஏன் விழுந்துச்சுன்னு ஆடுறவங்களுக்குத் தெரியும், அதுதான் முக்கியம்.

அருண்: ஏன் தப்பாச்சுன்னு தெரியாததுக்கு உதாரணம்?

மாலதி சித்தி: பூனை மீசை!

யாழினி அக்கா: 😃 சொல்லுங்க சித்தி

மாலதி சித்தி: கேப்ரியல் நைட் 3ங்கிற கேம், 1999. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க நண்பர் மாதிரி வேஷம் போடணும். கொட்டகைக் கதவு ஓட்டையில டேப் ஒட்டணும், பூனை மேல தண்ணி அடிக்கணும், அது ஓட்டை வழியா ஓடும்போது முடி டேப்ல ஒட்டும். அதை சிரப் தடவி மூக்குக்குக் கீழ ஒட்டினா மீசை. ஆனா அந்த நண்பருக்கு மீசையே கிடையாது! அதனால அவரோட பாஸ்போர்ட் படத்துல பேனாவால மீசை வரையணும்.

அருண்: என்னது!!

மாலதி சித்தி: ஒவ்வொரு படியையும் தனியாப் பார்த்தா நடக்கக்கூடியதுதான். ஆனா அடுத்து எதை நோக்கிப் போகணும்னு யாருக்கும் தோணாது, ஏன்னா மீசை தேவைங்கிறதையே கேம் எங்கயும் கேக்கல. அப்போ எல்லாரும் கையில இருக்கிற ஒவ்வொரு பொருளையும் திரையில இருக்கிற எல்லாத்து மேலயும் தேய்ச்சுப் பாக்க ஆரம்பிப்பாங்க. 15 பொருள், 10 இடம்னா 150 சேர்க்கை. அந்த நிலைமை வந்துட்டா அதுக்கு மேல யோசிக்கிறது வீண், ஹிண்ட் பாக்குறதுல தப்பே இல்ல.

செல்வம் மாமா: கேம் வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் 1989லயே கட்டுரை எழுதி இதைச் சொல்லிட்டார். பள்ளத்தை முதல்ல காட்டு, கயிறு அப்புறம் கிடைக்கட்டும்னு. பிரச்சனை தெரிஞ்ச பிறகு பொருள் கைக்கு வந்தா "ஆகா"ன்னு இருக்கும். பொருள் முதல்ல வந்துட்டா அது பையில கிடக்கிற சுமை.

யாழினி அக்கா: அதைவிடக் கொடுமை, தோத்துட்டோம்னே தெரியாம ஆடிக்கிட்டிருக்கிறது. கிங்ஸ் குவெஸ்ட் 5ல (1990) ஒரு பூனை எலியைத் துரத்தும். சில நொடிக்குள்ள எதையாவது எறிஞ்சு எலியைக் காப்பாத்தணும். விட்டுட்டா கேம் ஒண்ணும் சொல்லாது. ரொம்ப நேரம் கழிச்சு நிலவறையில கட்டிப் போடும்போது கயிற்றைக் கடிக்க எலி வராது. பசிக்குதேன்னு பையைத் தின்னுட்டா அப்புறம் பனிமலைல யேட்டிங்கிற பனி மனுஷன் மேல வீச ஒண்ணும் இருக்காது. இதைச் செஞ்ச சியரா கம்பெனியோட பழைய கேம் எது ஆடினாலும் ஒரே சேவ் மேல எழுதாதீங்க. பெரிய இடம் மாறும்போதெல்லாம் புது சேவ், பேருல இடமும் கையில இருக்கிற பொருளும்.

நிலா: அக்கா, பைன்னா தின்கிற பைதானே? மாமா சொன்ன சுமைப் பை இல்லையே

யாழினி அக்கா: தின்கிற பைதான் மா, கஸ்டர்ட் பை

அருண்: சரி, ஹிண்ட் பாக்கலாம்னு முடிவு பண்ணியாச்சு. வாக்த்ரூ திறந்தா அடுத்த மூணு விடையும் கண்ணுல படுதே?

செல்வம் மாமா: அதுக்குத்தான் படிப்படியான ஹிண்ட். இன்ஃபோகாம் கம்பெனி 80கள்ல கண்ணுக்குத் தெரியாத மையில ஹிண்ட் புத்தகம் போட்டாங்க. கேள்விக்குக் கீழ வரி வரியா மார்க்கரால தேய்ச்சாத்தான் தெரியும், முதல் வரி லேசான தூண்டுதல், கடைசி வரி விடை. கேம்ல இல்லாத விஷயத்துக்கும் போலிக் கேள்வி வெச்சிருப்பாங்க, கேள்வியைப் படிச்சே விடையை ஊகிக்க முடியாதபடி. அதே முறையில யூனிவர்சல் ஹிண்ட் சிஸ்டம் 1988ல ஆரம்பிச்சு இணையத்துல இருக்கு. பழைய கேம்களுக்கு அதைத் தேடு.

யாழினி அக்கா: மெஷினேரியம்ல (2009) கேமுக்குள்ளயே இருக்கு. பல்பைத் தொட்டா ஒரே ஒரு குறிப்புப் படம். புத்தகத்தைத் திறக்கணும்னா ஒரு சின்ன சுடுற விளையாட்டை முடிக்கணும், அப்புறம்தான் முழு விடை.
அருண், இன்னொண்ணு. 2021ல வந்த புது மிஸ்ட்ல புதிர் விடைகளை மாத்திப் போடுற ஆப்ஷன் உண்டு. அதை ஆன் பண்ணிட்டா நெட்ல இருக்கிற எண்கள் வேலை செய்யாது.

அருண்: 😮 அப்போ குறிப்பு எடுத்தே ஆகணும்

யாழினி அக்கா: எடுத்துத்தான் ஆகணும். சின்னம் வந்தா வார்த்தையால எழுதாதே, போட்டோ எடு இல்ல வரை. பக்கத்துல எங்க பார்த்தேன்னு இடம் எழுது. பயன்படுத்தினதை அடிச்சிடு. கடைசியில அடிக்காம மிஞ்சுறதுதான் அடுத்து பாக்க வேண்டியது. அவுட்டர் வைல்ட்ஸ்ல (2019) நம்ம விண்கப்பல்ல இருக்கிற பதிவேடே இதைச் செஞ்சிடும், "இங்க இன்னும் பாக்க வேண்டியது இருக்கு"ன்னு குறி காட்டும். 22 நிமிஷத்துக்கு ஒருதரம் எல்லாம் முதல்ல இருந்து ஆரம்பிக்கிற கேம்ல அது இல்லேன்னா ஆடவே முடியாது.

மாலதி சித்தி: ப்ளூ பிரின்ஸ் பத்தி யாரும் சொல்லலியே. 2025ல வந்தது. கதவைத் திறக்கும்போது சீட்டு மாதிரி விழுற அறைகள்ல ஒண்ணை எடுத்துத்தான் வீட்டுக்குள்ள போகணும், ஒவ்வொரு நாளும் வீடு புதுசா ஆரம்பிக்கும். விடை தெரியும், ஆனா தேவையான அறை சீட்டுல விழல, அந்த நாள் வீண். யோசிச்சுக் கண்டுபிடிச்சதுக்குப் பிறகும் அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கிறது எனக்கு ஒப்பல. ஆனா அதையும் தாண்டி ஆட வைக்குது, அறைக்கு அறை அவ்வளவு விஷயம் ஒளிச்சு வெச்சிருக்காங்க.

அருண்: எல்லாரும் ஒரே டிவி முன்னாடி உக்காந்து ஆட ஒண்ணு சொல்லுங்க.

மாலதி சித்தி: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின், 2018. கப்பல்ல 60 பேர். யார் யாரு, என்ன ஆனாங்கன்னு கண்டுபிடிக்கணும். மூணு பேர் சரியானாத்தான் கேம் "சரி"ன்னு உறுதி பண்ணும், அதனால ஒருத்தருக்கா குருட்டாம்போக்குல பேரை மாத்திப் போட்டுப் பாக்குறது சுலபம் இல்ல. முகம் மங்கலா இருந்தா இன்னும் போதுமான தகவல் வரல, அந்த ஆளை விட்டுட்டு அடுத்தவரைப் பாரு. தெளிவாயிட்டா விடை ஏற்கெனவே கண்ணுல பட்டாச்சுன்னு அர்த்தம். உடை, பேச்சு, தூங்குற தொட்டில் எண், எல்லாம் கவனி. ஒருத்தர் கன்ட்ரோலர், ஒருத்தர் நோட்டு, மத்தவங்க முகம் பாக்கட்டும்.

அருண்: ரெண்டு பேர் உறுதி, மூணாவது ஆளை மட்டும் மாத்தி மாத்திப் போட்டா?

மாலதி சித்தி: நடக்கும். கடைசி சில மாலுமிகளுக்கு நிறைய பேர் அதைத்தான் செய்வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவங்க தொட்டில்ல தூங்குற காட்சிக்கு ஒருதரம் திரும்பிப் போய் தொட்டில் எண்ணையும் அவங்க பாதத்தையும் பாருங்க. நோட்டு என்கிட்ட இருக்கட்டும்.