போன கிழமை வரைக்கும் நல்லா ஓடின கொம்பியூட்டர், இப்ப வேர்ட் திறக்க 20 நிமிசம்

கல்லடி டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊட்ட இரிக்கிற கொம்பியூட்டர் வெள்ளிக்கிழமையில இருந்து சடுதியா ஸ்லோ ஆயிட்டு. ஸ்லோ எண்டா கொஞ்ச நஞ்சம் இல்ல, சுவிச்ச போட்டுட்டுப் போய் தேத்தண்ணி வெச்சி குடிச்சி கோப்பையும் கழுவி வெச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திட்டுத்தான் இரிக்கி. வேர்ட் திறக்க 20 நிமிசம் எடுக்குது, திறந்த பிறகும் ஒரு எழுத்து அடிச்சா நிண்டு நிண்டுதான் விழுது. வியாழக்கிழம ராவு வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்ல, பாமினி ஃபொன்ட்ல தரம் 9 விஞ்ஞானப் பேப்பர் பாதி அடிச்சி சேவ் பண்ணிட்டுத்தான் படுத்தன்.

மெசின் 2015ல வாங்கினது. இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேசன், ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி, விண்டோஸ் 10. அண்டு ராவு மழைக்கு கரண்ட் மூணு தரம் போய்ப் போய் வந்த, மேசைக்கு மேல கூரை ஒழுகின எண்டு கேசிங்க தூக்கி அடுத்த அறையில வெச்சம், மத்தப்படி ஆரும் ஒண்டும் செய்யல. வைரஸ் ஸ்கேன் போட்டன், ஒண்டும் இல்ல எண்டு வந்த. மருமகன் வந்து ஒரு கிளீனர் சொஃப்ட்வெயார் போட்டான், அது ஆயிரத்துக்கு மேல பிழை இரிக்கி எண்டு காட்டி காசு கேக்குது.

வினாத்தாள் போனாக்கூட திரும்ப அடிச்சிடுவன். ஆனா இதுக்குள்ள எங்கட குடும்பப் படம் இரிக்கி. 2004 சுனாமியில அம்மாட அல்பம் எல்லாம் போயிட்டு, மறுகா சொந்தக்காரர் ஊடு ஊடாப் போய் அவங்ககிட்ட இருந்த படங்கள வாங்கி ஒவ்வொண்டா ஸ்கேன் பண்ணி சேத்து வெச்ச, 300க்கு மேல வரும். அதுக்கு வேற கொப்பி இல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க, முதல்ல என்ன செய்யணும்?

வாழைச்சேனை பொடியன்:

டீச்சர், இதுக்கு ஒரே வழி ஃபோர்மட்தான். விண்டோஸ புதுசா போட்டா புது மெசின் மாதிரி ஓடும். என்ட மச்சான்ட லப்டொப்பும் இப்பிடித்தான் நிண்ட, ஃபோர்மட் பண்ணி இப்ப மூணு வருசம், நல்லா ஓடுது. சி டிரைவ மட்டும் அழிச்சா காணும், டி டிரைவ்ல இரிக்கிற படம் போகாது, பயப்பட வேணாம்.

கல்முனை ரிப்பேர்:

தம்பி கோவிக்க வேணாம், ஆனா டீச்சர்ட படம் வெளிய வாற வரைக்கும் அந்த ஃபோர்மட் எண்ட சொல்லையே எடுக்கப்படாது. சியும் டியும் ரெண்டு டிஸ்க் இல்ல, ஒரே டிஸ்க்க ரெண்டாப் பிரிச்சி வெச்சது. டிஸ்க்கே சாகக் கிடக்கெண்டா அதுல போய் விண்டோஸ் எழுதுறது அத கெதியா சாகடிக்கிற வேலை.

டீச்சர், நான் இந்த வேலைக்குள்ள கன வருசமா இரிக்கன், ஆர் வந்தாலும் முதல் கேள்வி ஒண்டுதான் கேப்பன்: மெல்ல மெல்ல சுணங்கினதா, ஒரு ராவுல சுணங்கினதா? ரெண்டு வருசமா கொஞ்சம் கொஞ்சமா சுணங்கி வந்தா அது ப்ரோகிராம் கூடிப்போனது, ரேம் காணாதது, தூசி அடைச்சது, அந்த மாதிரி. நேத்து நல்லா ஓடி இண்டைக்கு ஓடல்ல எண்டா ஏதோ ஒரு சாமான் பழுதாகிற்று, அத எது எண்டு கண்டுபிடிக்கணும். கிளீனர் போட்டு அதுக்கு மருந்து இல்ல, அத முதல்ல அழிச்சி உடுங்க, காசு குடுக்காதீங்க.

இப்ப கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூண்டையும் ஒண்டா அமத்துங்க, டாஸ்க் மனேஜர் வரும். வாறதுக்கு நேரம் எடுக்கும், பொறுத்து இரிங்க. பெர்ஃபோமன்ஸ் எண்ட டப்புக்குள்ள போய் டிஸ்க்க தொட்டா கீழ ரெண்டு விசயம் பாக்கணும், ஒண்டு அக்டிவ் டைம், மற்றது அவரேஜ் ரெஸ்பொன்ஸ் டைம். அக்டிவ் டைம் 100 காட்டினா மட்டும் பயம் இல்ல, பழைய ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸ் 10 ஓடினா கொஞ்ச நேரத்துக்கு 100 காட்டத்தான் செய்யும். ஆனா 100 காட்டிட்டு வாசிக்கிற வேகம் செக்கனுக்கு ஒரு எம்பி கூட இல்ல, ரெஸ்பொன்ஸ் டைம் ஆயிரக்கணக்கான மில்லிசெக்கன் எண்டா அதுதான் நோய். நல்ல ஹார்ட் டிஸ்க்குக்கு அது 10, 20 அந்த அளவுலதான் நிக்கும்.

அப்பிடிக் காட்டினா மற்ற வேலை எல்லாத்தையும் உட்டுட்டு படத்த கொப்பி எடுங்க. முழு டிரைவையும் ஒரேயடியா இழுத்துப் போடாதீங்க, சின்னச் சின்ன ஃபோல்டரா, ஆக முக்கியமானது முதல்ல. கொப்பி ஆனதும் வேற ஒரு மெசின்லயோ டீவியிலயோ திறந்து பாருங்க, பேர் மட்டும் வந்து படம் வராம இரிக்கிறதும் உண்டு. மறுகா கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்டு டிஸ்க்ட நிலமைய காட்டுற ஒரு இலவச சொஃப்ட்வெயார் இரிக்கி, அத போட்டு அதுல 05, சி5, சி7 எண்ட மூண்டு லைன்லயும் கடைசி நிரையில இரிக்கிற இலக்கத்த இஞ்ச எழுதுங்க.

அக்கரைப்பற்றுக்காரன்:

கல்முனை நானா சொல்லுறது நூறு வீதம் சரி. எனக்கு நடந்தத சொல்லுறன், ஆருக்காவது உதவும். ரெண்டு வருசத்துக்கு முதல் இதே மாதிரி மெசின் இழுக்கத் தொடங்கின, ஹார்ட் டிஸ்க்குள்ள இருந்து நகத்தால மேசையத் தட்டுற மாதிரி டிக், டிக் எண்டு ஒரு சத்தம். நான் கொண்டுபோய்க் குடுத்த கடையில கொப்பி எடுக்காம நேரா செக் டிஸ்க் எண்ட விண்டோஸ் ப்ரோகிராம, பின்னால /r எண்டு போட்டு ஓடவிட்டுட்டாங்க. அது டிஸ்க்ட ஒவ்வொரு இடத்தையும் வாசிச்சிப் பாக்குற வேலை, நல்ல டிஸ்க்குக்கே மணித்தியாலக் கணக்கு எடுக்கும். பின்னேரம் போட்டது, காலையில போய்ப் பாத்தா விண்டோஸுக்கு முதல் வாற பயோஸ்லயே டிஸ்க்க காணல்ல. என்ட மகள் நடக்கப் பழகின வீடியோ அதோட போயிட்டு. அவங்க வேணுமெண்டு செய்யல, ஆனா வாசல்ல வெச்சே கொப்பி எடுத்துத் தாங்க எண்டு நான் சொல்லி இரிக்கணும், இல்லாட்டி அவங்க கேட்டிருக்கணும். டீச்சர், உங்கட டிஸ்க்ல அந்த மாதிரி சத்தம் ஏதும் கேக்குதா? கேட்டா திரும்பத் திரும்ப ஓன் பண்ணாதீங்க.

கல்லடி டீச்சர்:

தம்பி, வாசிக்கக்கொள்ள மனசு கனத்துப் போச்சி. சத்தம் ஒண்டும் இல்ல, காத வெச்சே பாத்தன்.

நானா சொன்ன மாதிரியே செஞ்சன். அக்டிவ் டைம் 100, ரெஸ்பொன்ஸ் டைம் ஒருக்கா 4000 காட்டின, ஒருக்கா 9000 காட்டின, வேகம் ஒரு எம்பிக்கும் கீழ. சனிக்கிழம காலம 8 மணிக்கு படத்த பென் டிரைவ்ல கொப்பி எடுக்கத் தொடங்கி ராவு 11 மணிக்குத்தான் முடிஞ்ச, சில படத்துல வந்து அஞ்சி நிமிசம் அப்பிடியே நிண்டுட்டு மறுகா போகும். கடைசிப் படம் வந்து முடியிற வரைக்கும் நானும் மகனும் அந்த இடத்த உட்டு எழும்பல்ல. எல்லாத்தையும் டீவியில போட்டுப் பாத்தம், ஒண்டும் பழுதாகல்ல.

கிறிஸ்டல்ல 05ல எல்லாம் பூச்சியம், சி5லயும் பூச்சியம். சி7ல கடைசியில 1ஏ3 எண்டு இரிக்கி, எழுத்தும் இலக்கமும் கலந்து வருது, விளங்கல்ல. ஆனா மேல நீல நிறத்துல குட் எண்டுதான் காட்டுது. டிஸ்க் நல்லம் எண்டா ஏன் இப்பிடி இழுக்குது?

கல்முனை ரிப்பேர்:

அல்ஹம்துலில்லாஹ், படம் வந்ததே பெரிய விசயம். இனி ஆறுதலா பாக்கலாம்.

டீச்சர் உங்கட டிஸ்க் சாகல்ல. 05 எண்டது பழுதாகி ஒதுக்கி வெச்ச இடம், சி5 எண்டது வாசிக்க ஏலாம சந்தேகத்துல நிக்கிற இடம், ரெண்டும் பூச்சியம் எண்டா டிஸ்க்குக்குள்ள சுத்துற தட்டுல குறை இல்ல. சி7 வேற கதை. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல போற வழியில தகவல் பழுதாகின தரத்த எண்ணி வெக்கிறது. ஒவ்வொரு தரமும் பழுதாக, அந்தத் துண்ட திரும்ப அனுப்பச் சொல்லிக் கேக்கும், அதுவும் பழுதாகினா திரும்ப, கடைசியில விண்டோஸ் அந்த லைன் முழுக்க ரீசெட் பண்ணும். நீங்க சொன்ன அந்த அஞ்சி நிமிச நிப்பு அதுதான். பிழை எண்டு கண்டுபிடிச்சி திரும்ப வாங்கினபடியாத்தான் படம் பழுதாகாம வந்தது. கிறிஸ்டல் 05, சி5, சி6 இத வெச்சித்தான் குட் எண்டோ கவனம் எண்டோ சொல்லும், சி7 எவ்வளவு ஏறினாலும் நீலத்துலயே நிக்கும், அதால கன பேர் இத தவற உடுறாங்க.

இலக்கம் அப்பிடிக் காட்டுறது 16ஆம் அடியில, அதாவது பத்துக்குப் பதிலா 16ஆல எண்ணுற முறையில எழுதுறதால. ஃபங்ஷன், அட்வான்ஸ்ட் ஃபீச்சர், ரோ வெல்யூஸ் அதுக்குள்ள போய் 10க்கு மாத்தினா சாதாரண இலக்கம் வரும். 1ஏ3 எண்டா 419. இப்ப ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு திரும்பப் பாருங்க, 419ல நிண்டா பழைய பிழை, ஏறினா இப்ப நடக்கிற பிழை.

நீங்க முதல் எழுதினதுல போற போக்குல ஒண்டு சொன்னீங்க, ஒழுகின எண்டு கேசிங்க தூக்கி வெச்சம் எண்டு. எனக்கு அண்டைக்கே அதுலதான் கண். கல்லடியில கடல்காத்து ஊட்டுக்குள்ள வாறது உங்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பிய திண்ணுற உப்பு கொம்பியூட்டர் கேபிள்ட நுனிய உடாது. பத்து வருசமா அசையாம இருந்த கேபிள், கறல் புடிச்சாலும் எப்பிடியோ தொட்டுட்டு இருந்திருக்கும். தூக்கினதோட அசைஞ்சிரிக்கும். கரண்ட் போனதுலதான் எண்டு நினைச்சிட்டு யூபிஎஸ் வாங்க ஓடாதீங்க, அது பிறகு பாக்கலாம்.

டிஸ்க்கையும் மதர்போர்டையும் தொடுக்கிற சாட்டா கேபிள் ஒண்டு வாங்கி மாத்துங்க, சில நூறு ரூபா சாமான். மெசின ஓஃப் பண்ணி பிளக்க சுவருல இருந்து கழட்டி, பவர் பட்டன அஞ்சாறு செக்கன் அமத்திப் புடிச்சிட்டு திறக்கணும். உள்ள கை வெக்க முதல் கேசிங்ட பெயின்ட் இல்லாத இரும்ப தொடுங்க.

கல்லடி டீச்சர்:

ஒரு மணித்தியாலத்துல 419, 432 ஆயிட்டு. கேபிள் வாங்கி வந்து மகனோட சேந்து திறந்தம்.

நானா, நீங்க பக்கத்துல நிண்டு பாத்த மாதிரி சொல்லி இரிக்கீங்க. சிவப்புக் கேபிள், டிஸ்க் பக்க நுனிய புடிச்ச உடனேயே கையோட வந்துட்டு, இழுக்கவே இல்ல. அத புடிச்சி வெக்கிற சின்ன இரும்புக் கிளிப்ப காணல்ல, கேசிங்ட அடியில மா மாதிரி செம்மண் நிறத்துல ஒரு தூள், அதுக்குள்ள கிளிப்ட பாதித் துண்டு கிடந்த. நுனிக்குள்ள டோர்ச் அடிச்சிப் பாத்தா ஏழு தகடு, அஞ்சி மஞ்சளா மினுங்குது, ஓரத்து ரெண்டும் பச்சையும் கறுப்புமா மங்கிப்போய் இரிக்கி. மூலையில எறும்பு மண் வேற கட்டி இருந்த.

டிஸ்க் பக்கத்து தகட்ட மகன் அழிரப்பரால மெதுவா தேச்சி, பெயின்ட் அடிக்கிற சின்னத் தூரிகையால தூள் தட்டி எடுத்தான். புதுக் கேபிள டிக் எண்டு சத்தம் வாற வரைக்கும் பூட்டினம். சுவிச்ச போட்டு ரெண்டு நிமிசத்துக்குள்ள எல்லாம் வந்துட்டு, ரெஸ்பொன்ஸ் டைம் 15, 20ல நிக்குது. எனக்கு கண்ணுல தண்ணி வந்துட்டு எண்டா நம்புவீங்களா. சி7 436ல நிக்குது, ராவு முழுக்க ஓடவிட்டும் ஏறல்ல. இது திரும்ப பூச்சியத்துக்கு வராதா?

கல்முனை ரிப்பேர்:

வராது டீச்சர், அது மொத்தக் கணக்கு, டிஸ்க்ட ஆயுசு முழுக்க அப்பிடியே இரிக்கும். 436 எண்டு ஒரு கடதாசியில எழுதி கேசிங்ல ஒட்டி வெய்ங்க, மாசத்துக்கு ஒருக்கா பாருங்க, ஏறாட்டி சரி. கேசிங்க கடல் பக்க ஜன்னலுக்கு நேரா வெக்காதீங்க, நிலத்துலயும் வெக்காதீங்க. மாரி காலத்துல பாவிக்காட்டியும் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் ஓன் பண்ணி உடுங்க, அந்தச் சூட்டுக்கு உள்ள ஈரம் நிக்காது.

பட்டிருப்பு தம்பி:

நானா, எனக்கும் இதே மாதிரி ஐ3 நாலாவது ஜெனரேசன்தான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி, அந்தச் சுத்துற தட்டு இல்லாத டிஸ்க் போட்டா பிரயோசனம் இரிக்கா, இல்ல மெசினையே மாத்தணுமா? விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிது எண்டும் சொல்லுறாங்க.

கல்முனை ரிப்பேர்:

முடிஞ்சது உண்மைதான், விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேசன்ல இருந்துதான் கேக்கும், நாலாவதுக்கு முறைப்படி தரமாட்டாங்க. சப்போர்ட் முடிஞ்சதால பேங்க் வேலை அதுல செய்யாதீங்க. பேப்பர் அடிக்க, படம் பாக்க எண்டா எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டா இன்னும் சில வருசம் தாராளமா ஓடும், ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 100 சொச்சம் எம்பி வாசிக்கிற இடத்துல சாட்டா எஸ்எஸ்டி 500 வாசிக்கும். அந்தக் காலத்து சின்ன போர்டுகள்ல எல்லா சாட்டா ஓட்டையும் ஒரே வேகம் இல்ல, போர்ட்ல 6ஜி எண்டு எழுதி இரிக்கிறதுல பூட்டுங்க. டீச்சர் உங்களுக்கும் இதேதான், ஆனா இப்ப அவசரம் இல்ல.

கல்லடி டீச்சர்:

சரி நானா, சம்பளம் வரட்டும் பாப்பம். படத்த இன்னொரு பென் டிரைவ்லயும் போட்டு ஏறாவூர்ல இரிக்கிற தங்கச்சிட்ட குடுத்து அனுப்பிட்டன். விஞ்ஞானப் பேப்பர் இப்பதான் அடிச்சி முடிஞ்ச, நாளைக்கு காலம கொப்பி அடிக்க ரோனியோவுக்கு குடுக்கணும்.