குட்டி காதுகுத்து – நம்ம வீடு

அண்ணன் ஏற்காடு, 5:48
கார் ஸ்டார்ட் ஆகல. செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பிடிக்கல

நான், 5:49
ஐயோ அண்ணா. 9 மணிக்கு முகூர்த்தம்

அக்கா அம்மாபேட்டை, 5:49
சீர்த்தட்டு?

அண்ணன் ஏற்காடு, 5:50
11 தட்டும் டிக்கில. அம்மாவும் ஏறி உக்காந்தாச்சு

அத்தை அஸ்தம்பட்டி, 5:51
தாய்மாமன் மடி இல்லாம எப்படிக் காது குத்தறது. மொட்டைக்கும் இப்படித்தான் நேரம் போச்சு

நான், 5:51
அன்னிக்கு மரம் விழுந்து ரோடு அடைச்சிருந்ததுங்க அத்தை

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 5:53
தம்பி, சும்மா சும்மா செல்ஃப் அடிக்காதே. ஒரு தடவைக்கு 10 செகண்டு, நடுவுல 1 நிமிஷம் விடணும். இல்லேன்னா பேட்டரியும் இறங்கி ஒரு கோளாறு ரெண்டாயிடும். சுத்தறது எப்பவும் போலவா, இழுத்து இழுத்தா, லேசா வீய்ங்னு வேகமாவா?

அண்ணன் ஏற்காடு, 5:54
எப்பவும் போல

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 5:56
அப்ப பேட்டரி இல்ல. சும்மா நிக்கறப்ப 12.6 வோல்ட் காட்டும், செல்ஃப் அடிக்கறப்ப 9.5க்குக் கீழ போனாத்தான் வண்டியோட கம்ப்யூட்டர் படுத்துக்கும். வீய்ங்னு சுத்தினா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம்னு பயப்படணும், அதுவும் இல்ல. இனி பெட்ரோல் வரணும், ஸ்பார்க் வரணும், அவ்வளவுதான். டேங்க்ல எவ்வளவு?

அண்ணன் ஏற்காடு, 5:57
2 கோடு. மூக்கு மேட்டப் பாத்து நிக்குது

அக்கா அம்மாபேட்டை, 5:57
மாலை யாரு வாங்கறீங்க? சொல்லவே இல்ல

மாப்பிள்ளை, 5:58
மச்சான் அந்த இறக்கத்துல தள்ளி விட்டு ரெண்டாவது கியர்ல விடுங்க, பிடிச்சுக்கும்

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 6:00
வேண்டாம் மாப்பிள்ளை. தள்ளறது செல்ஃப் சுத்தாத வண்டிக்கு. இது சுத்துதே! எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக்கைக் கெடுக்கும். எஞ்சின் ஓடாம இறக்கத்துல விட்டா ரெண்டு மூணு மிதிக்கு அப்புறம் பிரேக் கல்லாயிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். அம்மா உள்ள இருக்காங்க.

தம்பி, சாவியை ஆன் மட்டும் பண்ணு. எஞ்சின் லைட் எரியுதா? சாவிப்படம் போட்ட லைட் மின்னுதா? பின் சீட்டுல காது வெச்சா 2 செகண்டு ‘ஊங்’னு சத்தம் வருதா?

அண்ணன் ஏற்காடு, 6:03
எஞ்சின் லைட் எரியுது. சாவி லைட் மின்னல. சத்தம் இல்ல, அம்மாவையும் கேக்கச் சொன்னேன்

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 6:05
சாவி லைட் மின்னலேன்னா சாவிப் பூட்டுல கோளாறு இல்ல. சத்தம் வரலேன்னா பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகல, இல்ல பம்பே போச்சு. சாவியை ஆஃப் பண்ணிட்டு பானெட்டைத் திற. ஃபியூஸ் பெட்டி மூடிக்கு உள்பக்கம் படம் இருக்கும். உன் வண்டில பம்பு ஃபியூஸ் 15 ஆம்பியர், நீலம். உள்ள கம்பி அறுந்திருக்கா பாரு. போயிருந்தா அதே 15தான் போடணும், 20 போட்டா ஒயர் எரியும். எலி கடிச்ச ஒயர் இருக்கான்னும் பாத்துக்கோ.

அத்தை அஸ்தம்பட்டி, 6:06
பேசாம அம்மாவ பஸ்ஸுல ஏத்தி விடுங்க தம்பி

அக்கா அம்மாபேட்டை, 6:06
முட்டி வலியோட 20 கொண்டை ஊசியும் பஸ்லயா அத்தை

அத்தை அஸ்தம்பட்டி, 6:07
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணன் ஏற்காடு, 6:10
ஃபியூஸ் நல்லாருக்கு. எலி இல்ல

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 6:11
பக்கத்துல கறுப்பா சதுரமா ரிலே இருக்கும், கரண்டைத் தானா ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச். பம்பு ரிலேயைப் புடுங்கு. ஹாரன் ரிலே தலையில அதே நம்பர் இருந்தா, காலும் ஒரே மாதிரி இருந்தா, ரெண்டையும் மாத்திக் குத்து.

அண்ணன் ஏற்காடு, 6:16
ரிலேல ஒரு கால் பச்சை பூத்திருக்கு. மாத்திட்டேன். ஊங்னு வந்துச்சு! ஸ்டார்ட் ஆயிடுச்சு சித்தப்பா

நான், 6:16
🙏🙏🙏

மாப்பிள்ளை, 6:17
மச்சான் ஹாரன்?

அண்ணன் ஏற்காடு, 6:18
அடிக்கல

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 6:20
மாப்பிள்ளை சொல்றது சரி, நான் யோசிக்காம சொல்லிட்டேன். ஹாரன் இல்லாம அந்த வளைவுல இறங்கவே கூடாது. ஆஃப் பண்ணு. ஏசி ரிலே நம்பர் ஒத்து வருதா பாரு. வந்தா அதை பம்புக்குக் குத்து, ஹாரனோடது ஹாரனுக்கே. பச்சை பூத்தது உன் பாக்கெட்டுல. ரேடியேட்டர் ஃபேன் ரிலேயைத் தொடாதே, மலையில சூடேறிடும். பம்பு ரிலே உக்கார்ற குழியிலயும் பச்சை இருந்தா அங்கயும் பிடிப்பு சரியிருக்காது. கிளம்பறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் ஓட விட்டு, ரிலேயை விரலால லேசா ஆட்டிப் பாரு. எஞ்சின் விக்கினா இறங்காதே, வாடகைக் கார் பாத்துக்கலாம்.

அண்ணன் ஏற்காடு, 6:31
ஒரே நம்பர்தான். ஹாரன் அடிக்குது, வண்டியும் ஓடுது. ஆட்டினேன், விக்கல

சித்தப்பா செவ்வாய்ப்பேட்டை, 6:32
நியூட்ரல்ல விடாதே. ரெண்டாவது கியர், மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடு. கீழே வந்ததும் முதல் பங்க்ல பெட்ரோல் போடு. புது ரிலே நான் வாங்கி வெக்கறேன், நம்பரைப் போட்டோ அனுப்பு. பம்பையும் இந்த வாரம் பாக்கணும்.

அத்தை அஸ்தம்பட்டி, 6:34
மெதுவாவே வாங்க தம்பி. ஐயர்கிட்ட 9:30ன்னு சொல்லிப் பாக்கறேன்

நான், 6:35
அடிவாரம் வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுண்ணா

அண்ணன் ஏற்காடு, 6:36
கிளம்பிட்டோம். அம்மாதான் டைப் பண்ணுது இப்ப

அக்கா அம்மாபேட்டை, 6:41
மாலை யாருதான் வாங்கறீங்க?