மலையிலேயே மருந்து கம்பெனி ஷிஃப்ட் வேலை: சேரலாமா?

பச்சைத்தேயிலை: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஒரு வருடம் ஆகிறது. ஊர் கோத்தகிரி பக்கம். மலையிலேயே ஊசி மருந்து அடைக்கும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் டெக்னீஷியன் வேலை வந்திருக்கிறது. காண்டிராக்ட், மூன்று ஷிஃப்ட். நண்பன் ஹைதராபாத்துக்குக் கூப்பிடுகிறான். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை, நான் ஊரில் இருந்தால் நல்லது என்கிறார். அண்ணன்மார், அக்காமார் யோசனை சொல்லுங்கள்.

ஆட்டோகிளேவ்: சேர்ந்துவிடு தம்பி. பதினோரு வருடமாக எனக்கு இதே வேலைதான். நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் மெஷினை ஓட்டுவது. சமவெளியில் அதன் பிரஷர் முள் 15 பவுண்டில் நின்றால் நீராவி 121 டிகிரி. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. இங்கே அதே 15-க்கு உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். 121 வர வேண்டுமானால் முள் பதினெட்டைத் தாண்ட வேண்டும். நம் வீட்டில் திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகிறதே, அதே கதை. இதையெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லித்தந்தார்கள்?

இறங்கிப்போனவன்: அண்ணா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? இப்போது உள்ளே சென்சார் இருக்கிறது. 121 வந்ததும் 15 நிமிடத்தை அதுவே எண்ணிக்கொள்ளும். டெக்னீஷியன் பட்டனை அழுத்தி, ஒவ்வொரு தொகுதி மருந்துக்கும் எழுதும் பேட்ச் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுகிறவன். நான் ஆறு வருடம் போட்டேன். ஒரு சி ஷிஃப்டில், அதாவது இரவு ஷிஃப்டில், விடியற்காலை ஐந்தரைக்கு, மூன்று மணி நேர ரீடிங்கை ஒரே மூச்சில் எழுதச் சொன்னார் சூப்பர்வைசர். எழுதினேன். ஆடிட்டில் மாட்டியிருந்தால் என் கையெழுத்துதான் நின்றிருக்கும். அவர் கையெழுத்து அந்தப் பக்கத்திலேயே இல்லை.

ஆட்டோகிளேவ்: எழுதியது நீதானே? எழுதாமல் விட்டிருந்தால் ஒரு டீவியேஷன், அதாவது விதி தவறியது என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். சென்சார் ஒன்று, முள் ஒன்று காட்டும்போது பேட்சை நிறுத்து என்று சொல்வது யார், கம்ப்யூட்டரா? எங்கள் ஷிஃப்டில் ஒரு பையன் நிறுத்தினான். பார்த்தால் சென்சார் இரண்டு டிகிரி கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

இறங்கிப்போனவன்: நீங்கள் பெர்மனென்ட், பேசுவீர்கள். டீவியேஷன் எழுதிய காண்டிராக்ட்காரனை அடுத்த மாதம் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

லேப்காரி: இருவரும் மெஷினையே பேசுகிறீர்கள். நான் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். சுத்த அறைக்குள் கிருமியைக் கொண்டுவருவது பெரும்பாலும் மனிதர்தான். ஜூலை மழையில் பாதிப் பேருக்குச் சளி. சளி என்றால் சொல்லிவிடு, உள்ளே போகாதே என்பது விதி. வராத நாளுக்குச் சம்பளம் இல்லாதவன் சொல்வானா? மாஸ்க்குக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். அப்புறம் கிருமி இருக்கிறதா என்று பார்க்க நான் வைக்கும் பிளேட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும்.

ஆட்டோகிளேவ்: ஈ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறதே, நோய் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருமே.

லேப்காரி: முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது அண்ணா. சளி எத்தனை நாள் இருக்கும்?

ஆட்டோகிளேவ்: சரி, அதில் நீ சொல்வது நியாயம்தான்.

பழைய ஃபிலிம்: நான் மூடிப்போன ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில் இருந்தவன். மலையில் ஒரு கேட் மூடினால் பக்கத்தில் இன்னொரு கேட் கிடையாது. தடுப்பூசி தயாரிக்கும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-லிருந்து இருக்கிற இடம். தயாரிப்பு விதிமுறைப்படி இல்லை என்று 2008-ல் அதன் தடுப்பூசி உரிமத்தையே நிறுத்திவைத்தார்கள், 2010-ல்தான் திரும்பக் கிடைத்தது. அது அரசு நிறுவனம், தாங்கியது. காண்டிராக்ட் பையன் இரண்டு வருடம் எதைத் தின்பான்? சேர்ந்தாலும் ஒரு காலைக் கீழே சமவெளியில் வைத்துக்கொள்.

ஆட்டோகிளேவ்: ஹைதராபாத்தில் வாடகை யார் தருவது? இரண்டு ஏக்கர் தேயிலையை யார் பார்ப்பது?

இறங்கிப்போனவன்: தம்பி, ஓவர்டைம் என்ன கணக்கு என்று முதலில் கேள். சட்டப்படி இரட்டைச் சம்பளம். எனக்கு டீயும் பன்னும் கொடுத்தார்கள். வேன் எதுவரை வரும் என்றும் கேள்.

பச்சைத்தேயிலை: இன்று போய்க் கேட்டேன். ஓவர்டைம் என்றதும் ஹெச்.ஆர். மேடம் "முதலில் சேருங்கள்" என்றார். வேன் மெயின் ரோடு வரைதான். பி ஷிஃப்ட் முடிந்து ராத்திரியில் இறங்கினால் எங்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, ஒன்றரை கிலோமீட்டர், தேயிலைக்குள் நடக்க வேண்டும். போன வாரம்தான் அங்கே கரடி நின்றது.

லேப்காரி: சளியைச் சொன்னால் என்ன செய்வார்கள் என்று கேட்டாயா?

பச்சைத்தேயிலை: கேட்டேன் அக்கா. சிரித்தார்.