எரித்ரியா பார்டர்ல ஐநா படை: டீசல நிறுத்தினா பீஸ்கீப்பிங் நின்னுடுமா?

கரிசல்காட்டான்:
வணக்கம் மக்களே. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப வீட்டுக்கு வெள்ளையடிக்க பரண காலி பண்ணோம், சித்தப்பாவோட பழைய டிரங்குப் பெட்டி ஒண்ணு கிடைச்சுது. உள்ள நீலத் தொப்பி, ஒரு மெடல், பாச்சா உருண்டை வாசனை. கேட்டா "எரித்ரியா எத்தியோப்பியா பார்டர்ல ஐநா டூட்டிடா, 2003"ன்னார். அங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டதுக்கு "பார்த்துக்கிட்டு இருந்தோம்"னு சொல்லிட்டு பேப்பர் படிக்கப் போயிட்டார். மனுஷன் எப்பவுமே அப்படித்தான், ஒரு கேள்விக்கு ஒரு வரி.

சரின்னு நானே நெட்ல தேடிப் படிச்சேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் ஜாஸ்தியாச்சு. ரெண்டு நாடு சண்டை போட்டுச்சு, நடுவுல 25 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டாங்க, ஆனா அந்தப் பட்டை முழுசா எரித்ரியா நிலத்துக்குள்ளயே இருக்கு, ஏன்? அப்புறம் 2007 கடைசில எரித்ரியா டீசல் சப்ளைய நிறுத்திடுச்சாம், சில மாசத்துல ஐநா படை மூட்டை கட்டிட்டுப் போயிடுச்சாம். பாதுகாப்பு கவுன்சிலே அனுப்புன படைய ஒரு சின்ன நாடு டீசல் கேன வச்சு விரட்ட முடியுமா? முடியும்னா சித்தப்பா அங்க போய் நின்னதுக்கு என்னதான் அர்த்தம்? தெரிஞ்சவங்க சொல்லுங்க, நக்கல் வேணாம், உண்மையிலேயே கேக்குறேன்.

மேப்பைத்தியம்:
நல்ல கேள்வி, அந்தப் பட்டையில இருந்தே ஆரம்பிக்கிறேன். 1998 மே மாசம் பாட்மேங்கிற ஊருப் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து அதுலதான் போர் ஆரம்பிச்சுது. பாட்மே ஒண்ணும் பெரிய ஊரெல்லாம் இல்ல, எண்ணெய் கிடையாது தங்கம் கிடையாது, பொட்டல்ல ஒரு சின்ன ஊரு, ஆனா அதுக்காக ரெண்டு பக்கமும் பல்லாயிரம் பேர் செத்தாங்க. 2000 மே மாசம் எத்தியோப்பியா பெரிய தாக்குதல் நடத்தி எரித்ரியாவுக்குள்ள ரொம்ப தூரம் போயிடுச்சு. அந்த நிலைமையிலதான் ஜூன் 18ந் தேதி அல்ஜியர்ஸ்ல சண்டை நிறுத்தக் கையெழுத்து. ஜெயிச்சுக்கிட்டு இருந்தவன் 1998 மே 6க்கு முன்னாடி இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகணும், எரித்ரியா படை அவன்கிட்ட இருந்து பீரங்கி எட்டாத தூரத்துல நிக்கணும். அந்த பீரங்கி தூரம்தான் 25 கிலோமீட்டர். பட்டை எரித்ரியா பக்கம் விழுந்ததுக்கு இதுதான் காரணம், கை ஓங்கி இருந்தவன் போட்ட கணக்கு.

இது தற்காலிகம்னு சொல்லித்தான் எரித்ரியா ஒத்துக்கிச்சு. எல்லைக் கமிஷன் கோடு எங்கன்னு சொல்லிடும், கல்லு நட்டதும் பட்டைய எடுத்துடலாம்னு ஏற்பாடு. 2002 ஏப்ரல்ல தீர்ப்பும் வந்துச்சு, இத்தாலிக்காரங்க இருந்த காலத்து 1900, 1902, 1908 ஒப்பந்தங்கள வச்சு கோடு போட்டாங்க. இதுல ஒரு கூத்து என்னன்னா தீர்ப்புல பாட்மே யாருக்குன்னு பேரச் சொல்லி தெளிவா எழுதல, ரெண்டு நாடும் எங்களுக்குத்தான் ஜெயம்னு கொண்டாடுச்சு. அப்புறம் ஆயத்தொலைவு, அதாவது தீர்ப்புல கொடுத்த அட்சரேகை தீர்க்கரேகை எண்கள வச்சுப் பார்த்தா ஊரு எரித்ரியா பக்கம். எத்தியோப்பியா முதல்ல அநியாயம்னுச்சு, பிறகு கொள்கை அளவுல ஏத்துக்குறோம் ஆனா பேசணும்னு இழுத்துச்சு. கல்லு நட முடியாம கடைசில 2007 நவம்பர்ல கமிஷன் எல்லைய மேப்புல புள்ளிகளாவே குறிச்சுக் கொடுத்துட்டு கடைய மூடிடுச்சு.

இப்ப எரித்ரியா இடத்துல இருந்து பாருங்க. கேஸ ஜெயிச்சாச்சு, ஆனா ஊரு இன்னும் அவன் கையில, எங்க நிலத்துல 25 கிலோமீட்டர் ஐநா கையில. அந்தக் கோவத்த யார் மேல காட்டுவான்? எதிராளிய அடிக்க முடியாது, நடுவுல நிக்கிற வாட்ச்மேன் மேலதான் காட்டுவான்.

டீக்கடை_பெஞ்சு:
அதான் நானும் சொல்றேன், வாட்ச்மேன். 4,200 பேர் வரைக்கும் அனுமதி, அதுல 220 பேர் பார்வையாளர், பட்டையோட பரப்பு 25,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு. ஒருத்தன் டேங்க ஓட்டிட்டு வந்தா இவங்க என்ன செய்வாங்க, நோட்டுல எழுதிக்குவாங்க. வெள்ளை ஜீப், பெரிய சம்பளம், கடைசில டீசல் இல்லன்னு வீட்டுக்கு. நம்ம ஸ்ரீநகர்லயும் 1949ல இருந்து ஒரு ஐநா பார்வையாளர் ஆபீஸ் இருக்கு, 1972ல பாகிஸ்தானோட போட்ட சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் இந்தியா அதுக்கு வேலையே இல்லன்னு சொல்லியாச்சு, அவங்க பாட்டுக்கு இருக்காங்க. லெபனான்ல 1978ல இருந்து நிக்கிறாங்க, அங்க எத்தனை போர் வந்துச்சுன்னு எண்ணிக்கோங்க. சித்தப்பா கோச்சுக்க வேணாம், அவர் மேல தப்பு இல்ல, சிஸ்டம் அப்படி.

ரிட்டயர்டு_ஹவில்தார்:
இந்த ஃபோரத்துல ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் செய்வேன், இதுக்காக பாஸ்வேர்ட தேடி எடுத்து உள்ள வந்தேன். நானும் அந்த மிஷன்ல இருந்தவன்தான், இந்தியன் பட்டாலியன், 2005.

டீக்கடை தம்பி, நோட்டுல எழுதிக்குவாங்கன்னு சொன்னீங்களே, அந்த நோட்டுதாங்க வேலையே. நாங்க அங்க போனது சண்டைய தடுக்க இல்ல, ரெண்டு பேரும் சொன்ன சொல்லக் காப்பாத்துறாங்களான்னு பார்க்க. ஐநா சாசனத்துல ஆறாவது அத்தியாயம்னு சொல்லுவாங்க, ரெண்டு தரப்பும் சம்மதிச்சு கூப்பிட்ட வேலை. கூப்பிட்டவன் போன்னு சொன்னா போகத்தான் வேணும்.

அங்க போன புதுசுல எனக்கு ரொம்ப உறுத்துனது வேற. பதினஞ்சு வருஷம் ஃபவுஜ்ல, அதான் பட்டாளத்துல, மறைஞ்சு நில்லு, மண்ணோட மண்ணா படு, ராத்திரில பீடி பத்த வைக்காதன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அங்க போனா எல்லாத்துக்கும் வெள்ளை பெயிண்ட். வண்டி வெள்ளை, போஸ்ட்ட சுத்தி இருக்கிற மூட்டை வெள்ளை, மேல கொடி, ராத்திரி கொடி மேல லைட்டு. ரெண்டு மலையிலயும் துப்பாக்கியோட ஆளு இருக்கான், நடுவுல நாம என்னைப் பாரு என்னைப் பாருன்னு நிக்கணும். முதல் ஒரு வாரம் முதுகு கூசும். அப்புறம் புரிஞ்சுது, நாம தெரியணும், நம்மள பார்த்தாதான் ரெண்டு பேரும் ஒரு அடி யோசிப்பான்.

இன்னொண்ணு, பார்க்கிறதுன்னா சும்மா இல்ல. பட்டைக்குள்ள எரித்ரியா ராணுவம் வரக்கூடாது, ஆனா போலீசும் ஊர் மிலிஷியாவும் இருக்கலாம். இப்ப ஆடு மேய்க்கிறவன் தோள்லயும் ஏகே தொங்கும், மிலிஷியாக்காரன் தோள்லயும் ஏகே தொங்கும், காலுல ரெண்டு பேருக்கும் அதே பிளாஸ்டிக் செருப்பு. இவன் யாரு, நேத்து வந்தவன்தானா, ஆட்ட விட்டுட்டு எங்க போறான், பைனாகுலர் வச்சு மணிக்கணக்கா பார்ப்போம். தேதி, நேரம், எத்தனை பேரு, ஆயுதம் தெரிஞ்சுதா, எந்தப் பக்கம் போனான், எல்லாம் எழுதணும். புதுசா ஒரு பதுங்குகுழி வெட்டுனா ரெண்டு தரப்பும் உட்கார்ற ராணுவ கமிட்டிக் கூட்டத்துல நம்ம ஃபோர்ஸ் கமாண்டர் அத எடுத்து மேசையில வைப்பார். அந்த ரெண்டு ராணுவமும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசின ஒரே இடம் அதுதான், 2006ல அதுவும் நின்னு போச்சு.

டீசலுக்கு முன்னாடியே கழுத்தப் பிடிச்சாச்சு தம்பி. 2005 அக்டோபர்ல ஹெலிகாப்டர் பறக்கக் கூடாதுன்னு எரித்ரியா சொல்லிடுச்சு, மெயின் ரோட்ட விட்டு ராத்திரி ரோந்து போகக் கூடாதுன்னும் சொல்லிடுச்சு. அந்த மலைய பார்த்தவங்களுக்குத்தான் அதோட அர்த்தம் தெரியும். ஹெலிகாப்டர் இல்லன்னா பட்டையில பாதிக்கு மேல நம்ம கண்ணுக்கு எட்டாது. தூரத்துல இருந்த போஸ்ட்டுகள ஒவ்வொண்ணா காலி பண்ணோம். ஒருத்தன் கண்ணிவெடில கால வச்சா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக ரோடுதான், அந்த வளைவுல மணிக்கணக்காகும். அதே டிசம்பர்ல அமெரிக்கா, கனடா, ஐரோப்பா, ரஷ்யாக்காரங்க எல்லாம் பத்து நாள்ல கிளம்புன்னு உத்தரவு. கூடவே வேலை பார்த்த ஆளுங்க, ராவோட ராவா பெட்டி கட்டுனாங்க. எங்களையும் ஜோர்டான்காரங்களையும் இருக்க விட்டாங்க.

ஊர் ஜனங்க மட்டும் தங்கம். காப்பிக்கு உட்கார்ந்தா மூணு சுத்து குடிக்காம எழுந்திரிக்க விடமாட்டாங்க, பச்சைக் கொட்டைய நம்ம கண்ணு முன்னாடியே வறுத்து அந்தப் புகைய மூக்குக்கிட்ட கொண்டாந்து காட்டுவாங்க. இஞ்சேரான்னு ஒண்ணு, ரெண்டு நாள் புளிச்ச மாவுல ஊத்துன ஆப்பம் மாதிரி, நம்ம பசங்க சாம்பார் ஊத்தி அடிச்சாங்க.

டீக்கடை_பெஞ்சு:
ஐயா மரியாதையோட கேக்குறேன், எழுதுனீங்க சரி, அத யாராவது படிச்சாங்களா?

ரிட்டயர்டு_ஹவில்தார்:
படிச்சாங்க. நாங்க அங்க இருந்த வரைக்கும் அந்தப் பெரிய சண்டை திரும்ப வரல. மூணாவது காப்பி குடிக்கிற ஊர்ப் பாட்டிக்கு அதுவே போதுமா இருந்துச்சு. கோட்டுல கல்லு நடுறது எங்க வேலை இல்ல, அது நியூயார்க்குல கோட்டு போட்டவங்க வேலை. தீர்ப்ப ஏத்துக்கன்னு எத்தியோப்பியாவ யாரும் அழுத்திச் சொல்லல, அந்த வயித்தெரிச்சல்தான் எங்க டீசல் டேங்க்ல விடிஞ்சுது.

வடமராட்சியான்:
வணக்கம். இந்தத் திரிய வாசிக்க எனக்கு எங்கட இலங்கையில 2002 தான் ஞாபகம் வருது. அது ஐநா இல்லை, ஆயுதமும் இல்லை, நோர்வே சுவீடன் பின்லாந்து டென்மார்க் ஐஸ்லாந்து ஆக்கள் வந்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு. யாழ்ப்பாணம் போற ஏ9 ரோட்டு திறந்த புதுசில ஓமந்தைச் சோதனைச் சாவடியில பஸ்ஸால இறங்கி பையளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்க வரிசையில நிக்கேக்க வெள்ளை வாகனம் ஒண்டு போகும், அம்மா அதைப் பாத்திட்டு "இவையள் நிக்கினம், இண்டைக்கு ஒண்டும் நடக்காது" எண்டு சொல்லுவா. எழுதிறதை விட அவைக்கு வேற ஒரு அதிகாரமும் இல்லை எண்டு அம்மாவுக்கும் தெரியும்.

பிறகு நடந்ததுதான் ஹவில்தார் ஐயா சொன்ன மாதிரியே இருக்கு. 2006 மே மாசம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது, அந்த ஒன்றியத்து நாட்டு ஆக்கள் குழுவில இருக்கேலாது எண்டு புலிகள் சொல்லிச்சினம், சுவீடன் பின்லாந்து டென்மார்க் வெளிக்கிட்டிட்டினம், மிஞ்சினது நோர்வேயும் ஐஸ்லாந்தும். 2008 சனவரியில அரசாங்கம் ஒப்பந்தத்தையே முடிச்சுது, குழுவும் வெளிக்கிட்டுப் போட்டுது. எரித்ரியாவில அரசாங்கம் ஆக்களைத் தெரிஞ்செடுத்து வெளிய அனுப்பினது, எங்களிட்ட முதல்ல ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். வெள்ளை வாகனம் குறையக் குறைய சனத்துக்கு விளங்கீட்டுது, ஒருத்தரும் வந்து சொல்லத் தேவையில்லாமப் போச்சு. அதைவிட மேல எழுத எனக்கு மனமில்லை.

மேப்பைத்தியம்:
வடமராட்சியான் அண்ணா சொன்னதுக்குப் பிறகு நான் சேர்க்க சின்ன விஷயம்தான், முடிவ யாரும் சொல்லலங்கிறதால. 2008 பிப்ரவரில ஐநா படை எத்தியோப்பியா பக்கம் நகரப் பார்த்துச்சு, எரித்ரியா ஒரு சில வண்டியத் தவிர எதையும் விடல, சாப்பாட்டு சப்ளையும் நின்னுச்சு, கடைசில எல்லாரும் எரித்ரியா தலைநகர் அஸ்மாரா வந்து அங்கிருந்து அவங்கவங்க ஊருக்கு. ஜூலை 31ந் தேதி மிஷன் முடிஞ்சுது. அப்புறம் பத்து வருஷம் போரும் இல்ல சமாதானமும் இல்ல. 2018 ஜூலைல எத்தியோப்பியாவுக்கு புதுப் பிரதமரா வந்த அபி அகமது அஸ்மாராவுக்குப் போய் போர் முடிஞ்சுதுன்னு கையெழுத்து போட்டார், தீர்ப்ப அப்படியே ஏத்துக்குறோம்னும் சொன்னார், அடுத்த வருஷம் நோபல் பரிசு. அந்த செப்டம்பர்ல ஜலாம்பெஸ்ஸாங்கிற எல்லை ஊர்ல கேட்ட திறந்தப்ப இருபது வருஷம் பார்க்காத சொந்தக்காரங்க கட்டிப்பிடிச்சு அழுதாங்க. கொஞ்ச மாசத்துலயே திரும்ப மூடிட்டாங்க. அத்தனை பேசியும் பாட்மே எத்தியோப்பியா கையிலதான் இருந்துச்சு, 2020ல எத்தியோப்பியாவோட வடக்குப் பகுதியான திக்ராய்ல போர் வெடிச்சப்பதான் எரித்ரியா படை அங்க போய் உட்கார்ந்துச்சு.

கரிசல்காட்டான்:
எல்லாருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா எழுதினத நேத்து ராத்திரி போன்ல சித்தப்பாவுக்கு அப்படியே படிச்சுக் காட்டுனேன். பிளாஸ்டிக் செருப்பு வந்த இடத்துல சிரிச்சுட்டார். அப்புறம் அவராவே, நான் கேக்காமலேயே, "ஒரு நாள் காலையில அஞ்சே முக்காலுக்கு எழுதுனேன், ஆடு நாப்பது, ஆளு மூணு, துப்பாக்கி ஒண்ணு, பனி ஜாஸ்தி, முகம் தெரியலன்னு. இன்னும் அந்த நோட்டுப் பக்கம் கண்ணுல நிக்குது"ன்னார். இருபது வருஷத்துல அவர் அந்த ஊரப் பத்தி பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

ஐயா, நீங்க எந்த போஸ்ட்டுல இருந்தீங்கன்னு கேக்கச் சொன்னார்.

ரிட்டயர்டு_ஹவில்தார்:
இங்க எழுத வேணாம் தம்பி. உள்பெட்டில சித்தப்பா நம்பர் போடுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடுறேன்.