32 அங்குல ரீவி: எச்டி ரெடியா, ஃபுல் எச்டியா?

தெகிவளை வாசி:
சின்ன அறை, கட்டிலில் இருந்து சுவருக்கு 5 அடி. பியோ ரீவி (ரெலிகொம் தாற சனல் சேவை) பெட்டியும் லப்டொப்பும் கொழுவ வேணும். புறக்கோட்டைக் கடைகளில் ரீவி வாற எல்லா அட்டைப் பெட்டியிலும் "1080பி" எண்டு இருக்கு, விலைதான் வேற வேற. ஏன்?

கம்பிக்காரன்:
அது ரீவி உள்வாங்கக்கூடிய சிக்னல், திரையில் உண்மையா இருக்கிற புள்ளிகளின்ர எண்ணிக்கை இல்லை. அதுக்கு "பனல் ரெசலூஷன்" (பனல் எண்டால் திரைப் பலகை) எண்ட வரியைப் பாருங்கோ. 1366×768 எண்டால் எச்டி ரெடி. 1920×1080 தான் ஃபுல் எச்டி. 6 அடிக்கு மேல் இருந்து படம் பார்க்க ரெண்டும் ஒண்டுதான். உங்கட 5 அடியில், அதுவும் லப்டொப் எழுத்துக்கு, ஃபுல் எச்டி வேணும்.

கடையிலேயே லப்டொப்பைக் கொழுவி 1920×1080 வச்சு, சின்ன எழுத்தைப் பாருங்கோ. விளிம்பு மங்கி, கோடுகள் உடைஞ்சால் 768 பனல். டாஸ்க்பார் வெட்டுப்பட்டால் பயப்பட வேண்டாம், அது ஓவர்ஸ்கான், ரீவி படத்தைப் பெருப்பிச்சு ஓரத்தை வெட்டுறது; அதாலயும் எழுத்து மங்கும். ரீவி மெனுவில் படஅளவை "ஜஸ்ட் ஸ்கான்" ஆக்கிப்போட்டு எழுத்தைத் திரும்பப் பாருங்கோ.

கொட்டாஞ்சேனை:
பெட்டி, லப்டொப் கொழுவுற எச்டிஎம்ஐ துளை குறைஞ்சது ரெண்டு இருக்கட்டும். 1 ஜிபி ராம் ஸ்மார்ட் ரீவிக்குக் காசு கொட்டாதேங்கோ, கொஞ்ச நாளில் இழுபடும். சாதா ரீவியும் ஸ்டிக்கும் (எச்டிஎம்ஐ துளையில் குத்தி இன்டர்நெட் வீடியோ பார்க்கிற சின்னக் கருவி) திறம். ஸ்டிக்குக்கு ரீவியின்ர யூஎஸ்பியில் இருந்து கரண்ட் எடுத்தால், அது போதாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகலாம். அதுக்கு வந்த அடப்டரையே பாவியுங்கோ.

கம்பிக்காரன்:
உத்தரவாதம் ஏஜென்டின்ரயா, கடைக்காரரின்ரயா எண்டு பில்லில் எழுதி வாங்குங்கோ. பனல் போனால் மாத்துற செலவு கிட்டத்தட்ட புது ரீவி விலை.